சாம்பல் நிற விரிப்பு

நவம்பரில் தூரின் நகரம்
பனிமூட்டத்தைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்.
நான்காம் எண் டிராமில்
காலணிப் பையோடு நிற்பேன்.
கலைச்சந்தைக்குப் போகிறவளுக்கு இரண்டு ஜோடி வேண்டும்:
வாசல்வரை மிடுக்காக ஒன்று,
உள்ளே ஏழு மணி நேரத்துக்கு மற்றொன்று.

நுழைவுச்சீட்டு இருபத்தைந்து யூரோ.
நான் கொடுப்பதில்லை.
சட்டகக் கடையில் என்னோடு கண்ணாடி வெட்டும் எத்தோரே
யாரிடமாவது ஓர் அட்டை வாங்கி வந்துவிடுவான்.
இந்த வருடம் என் பெயர் ஃபுல்வியா மொந்தனாரோ,
காட்சியக உதவியாளர்.
படத்தில் எனக்கு முடி கட்டை.

முதல் சுற்றில் ஓவியங்களைப் பார்க்கமாட்டேன்,
ஓரங்களைப் பார்ப்பேன்.
எந்தப் பசை, எந்த மரம்,
மூலையில் இடைவெளி எத்தனை மயிரிழை.
லட்ச யூரோ படமொன்றின் முதுகில்
நாங்கள் அடித்த ஆணிகள் நான்கு.
ஒன்று கோணல்.
அது நான் அடித்தது.

அட்டையைப் பார்த்து ஒருவர் விலை கேட்டார்.
வாயில் வந்தது
என் ஆறு மாத வாடகை. அதைச் சொன்னேன்.
'அவ்வளவுதானா' என்று
முகம் சுளித்து நகர்ந்துவிட்டார்.

குறிப்பேட்டில்:
மெழுகின் மேல் உப்பு, பிடிக்குமா?
காடியில் ஊறினால் செம்பு எத்தனை நாளில் பச்சை?
அந்தப் பூசான்காரியின் நூல்களில் முடிச்சே இல்லை,
எப்படி நிற்கின்றன?
(மறுபக்கம்: முட்டை, பூனைக்கு மணல்.)

மாலையில் பட்டறை.
முன்பு டயர் ஒட்டிய இடம்; மழை பெய்தால்
சுவர் இன்னும் ரப்பர் வாசம் விடும்.
உப்பு மெழுகில் பிடிக்கவில்லை.
செம்பு பச்சையாகவில்லை, பழுப்பில் நின்றுவிட்டது,
எனக்குப் பழுப்பு பிடித்துப்போனது.
அச்சு உருளையைச் சுற்றினால்
மேல்வீட்டு குவாலியா அம்மாள்
விளக்குமாற்றுக் கட்டையால் தரையில் இடிப்பாள்.
மூன்று இடி என்றால் மணி பத்து.

ஞாயிறு இரவு சந்தை கலைந்தது.
படங்கள் பெட்டிக்குள் போயின,
சுவர்களைச் சுருளாணி கழற்றி அடுக்கினார்கள்.
தரைவிரிப்பைக் கத்தியால் கீறிக் கீறி
குப்பைத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டிருந்தவனிடம்
ஒரு மீட்டர் கேட்டேன்.
'எதற்கு?'
'தெரியவில்லை.'
'தெரியாததற்கு ஒரு மீட்டர் போதாது' என்றான்,
மூன்று மீட்டர் வெட்டித் தந்தான்.
முதுகில் டிராகோஷ் என்று தைத்திருந்த சட்டை.

டிராமில் விரிப்பை நிமிர்த்தி நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.
அதற்கும் சீட்டு வாங்கினாயா என்றார் ஒரு கிழவர்.
பெயர் கேட்டிருந்தால்
ஃபுல்வியா என்றிருப்பேன்.

முதல் தாள்: வெறும் கறுப்பு.
இரண்டாவதில் மையைத் துடைத்தேன், அதிகம் துடைத்துவிட்டேன்.
மூன்றாவது முழுக்கப் பிசிறு,
உருளையின் கம்பளியும் பாழ்,
எண்பது யூரோ.
திட்டிக்கொண்டே விரிப்பை நனைத்து, பிழிந்து,
மேலே ஏறி மிதித்து
நான்காவது தாளை ஓட்டினேன்.

ஒரு குதிகால்.
குழந்தை வண்டியின் சக்கரம், பாதி வட்டம்.
பிறகு, நடுவில்,
அருகருகே இரண்டு பாதம், மற்றவற்றைவிட அழுத்தமாக.
யாரோ நெடுநேரம் நின்றிருக்கிறார்கள்.

எந்தப் படத்தின் முன்னால்?
கண்ணை மூடி மண்டபத்தை நடந்து பார்த்தேன்.
இடப்பக்கம் மூன்றாவது அறையா, நான்காவதா?
படம் ஒன்றுகூட வரவில்லை.
கோணல் ஆணி மட்டும் வந்தது.
அப்புறம் தோன்றியது,
மிதித்தவள் நானும்தானே,
அது என் பாதமாகவும் இருக்கலாம்.
காலணியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது என்றும் சொல்லலாம்,
இல்லை என்றும்.
மேலே மூன்று இடி.

திங்கட்கிழமை, கடை.
எத்தோரே கண்ணாடியில் கோடு இழுத்தபடி கேட்டான்:
'சந்தை நன்றாக நடந்ததா?'
'நன்றாக நடந்திருக்கிறார்கள்' என்றேன்.
டக்கென்று கண்ணாடி
கோடு போட்ட இடத்திலேயே பிரிந்தது.
நகத்தடியில் கறுப்பு
இன்னும் போகவில்லை.