சரக்கு ஏறும் தேதி

மார்ச் இருபத்தெட்டு என்றிருந்தது
மார்ச் ஒன்பது ஆகிவிட்டது.
மெர்ச்சண்டைசர் பொண்ணு வந்து
பலகையில் பழைய தேதியை உள்ளங்கையால் அழித்தாள்.
நாற்பதாயிரம் பனியன்,
காய்ந்த வேப்பிலை நிறம்.
கப்பலில் இல்லை, விமானத்தில்.
எந்த நாட்டுக்கு என்று கேட்காதீங்க, என்றாள்.
பெருமாநல்லூர் ரோட்டில் நாங்கள்
டிவிக்கு முன்னால் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

ராத்திரி பத்தரை மணி டீயில் அதே பேச்சு.
கட்டிங் மாஸ்டர் அவிநாசியப்பன் சொன்னார்:
"எதிராளி கத்தி தீட்டற சத்தம் கேக்குது.
தீட்டி முடிக்கட்டும்னு உக்காந்திருப்பீங்களா?"
"தீட்டறது கத்தியா அருவாமனையான்னு
ஆரு எட்டிப் பாத்தாங்க?" என்றான்
அயர்ன் மேசைக் குழந்தைசாமி.

குழந்தைசாமிக்குக் குண்டடம் பக்கம் நாலு ஏக்கர்.
இருந்தது.
பக்கத்துத் தோட்டத்துக்காரன் போர் போடப் போகிறானென்று
சந்தையில் யாரோ சொன்னார்கள்.
ஊத்து அக்கட்டால போயிருமென்று
முந்திக்கொண்டு வண்டி கூப்பிட்டான்,
ஆயிரத்து இருநூறு அடி.
அதைப் பார்த்து அவன் ஆயிரத்து நானூறு.
"ரெண்டு குழியிலயும் புகைதானுங்க வந்துச்சு.
தென்னை மேல வெள்ளையாப் படிஞ்சுது,
அவன்ற தென்னை என்ற தென்னைன்னு பாக்காம.
அப்பறம் ஒருநாள் மோட்டார்க் கடைல வெச்சுக் கேட்டேன்.
போர் போடற நெனப்பே இல்லீங்களாமா.
கட்டுத்தரைக்குக் கூரை மேயத்தான்
ஆள் பாத்துட்டு இருந்தானாமா."

சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார்.
வாதம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஓவர்லாக் தெய்வாத்தாள் சிரிக்கவில்லை.
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
வலது காதை எங்கள் பக்கம் திருப்பினாள்.
கேட்கிற காது அது.
"அவன் கை ஓங்குன மொதல் நாளு
அடிக்கல. ஓங்குனதோட சரி.
அடிக்காதவனை அடிச்சாப் பாவம்னு இருந்துட்டேன்.
அன்னைக்கே அந்தக் கைக்குச் சூடு போட்டிருந்தா
இன்னொரு காதும் எனக்கு இருந்திருக்கும்.
குழின்னா வேற குழி தோண்டிக்கலாம் தம்பி."

மின்விசிறி நூல் பிசிறைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது.
அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
இப்போதும் இல்லை,
ஓங்கிய கையை அவள் கண்ணால் பார்த்தாள் என்பதைத் தவிர.
இவர்கள் பார்த்ததென்ன?
மேலேயிருந்து எடுத்த படம்.
ஒரு கூரை, ஒரு லாரி,
சிவப்பில் ஓர் அம்புக்குறி.
அதுவும் கட்டுத்தரையாக இருந்தால்?
இல்லாமல், மாஸ்டர் சொன்னதேதான் என்றால்?
வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

நான் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது
பார்த்து ஒதுக்குவது வேலை.
இனிமேல் பொத்தல் விழக்கூடும் என்று
எந்தப் பனியனையும் ஒதுக்க முடியாது.

பெட்டி மேல் சைஸ் எழுதியிருக்கும்.
ஜெர்மனிக்குப் போகிற சரக்கில்
எக்ஸ்எல் மேல் எக்ஸ்எல்லாக வரும்.
இதில் டஜனுக்கு
ஸ்மால் ஏழு, மீடியம் நாலு,
லார்ஜ் ஒன்றே ஒன்று.
பேக்கிங்கில் ஒடிசாப் பையன் நிரஞ்சன்
ஸ்மால் ஒன்றை எடுத்து
நெஞ்சில் வைத்துப் பார்த்தான்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.
பத்தொன்பது என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன்.
"மடிச்சு வை" என்று ஏனோ கத்தினேன்.

பத்து நாளும் இரட்டைக் கூலி.
யாரும் லீவு போடவில்லை.
குழந்தைசாமியும் போடவில்லை, நானும்தான்.

ஒன்பதாம் தேதி விடியக் காலையில் லாரி கிளம்பியது.
டீக்கடை டிவியில் நாலு பேர்
போர் வேண்டும் வேண்டாமென்று மோதிக்கொண்டிருந்தார்கள்.
நடுவில் அந்த நாட்டு மந்திரி வந்தார்.
தெய்வாத்தாள் வலது காதைத் திருப்பினாள்.
"என்னங்கறான்?"
"இன்னும் முடிவு பண்ணலயாமாங்க்கா.
யோசிச்சிட்டிருக்காங்களாமா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணெய்க் கறைக்காக நான் ஒதுக்கிய ஸ்மால் ஒன்று
அவள் கூடையில் இருந்தது.
கறை வெளியே தெரியாமல்
திருப்பி மடித்தாள்.