வேறு தலைப்பு

எழிலகம், மூன்றாவது மாடி.
ஜன்னலில் கடல் பாதி தெரியும்,
மீதியைத் தண்ணீர்த் தொட்டி மறைத்திருக்கும்.
மேசையில் வந்து கிடக்கிறது கோப்பு:
புகையிலை வாங்கும் வயதைப் பதினெட்டிலிருந்து
இருபத்தொன்றாக உயர்த்தினால்
அரசுக்கு இழப்பு எவ்வளவு?
வியாழன் மதியத்துக்குள், ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

இழப்பு என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.
உதவியாளர் சொற்களை மாற்றுவதில்லை,
ஒற்றுப்பிழை திருத்தலாம்.

பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
மூன்று வயதுக்கும் இத்தனை லட்சம் பையன்கள் என்று போட்டேன்.
இதில் புகைப்பவர் எத்தனை பேர்,
சட்டம் வந்தால் நிறுத்துபவர் எத்தனை பேர்,
அண்ணனுக்கு என்று சொல்லி வாங்குபவர் எத்தனை பேர்.
கடைசி எண்ணுக்கு ஆதாரம் கேட்டால்
என் தம்பி என்று எழுத முடியுமா?

வரியைப் பெருக்கினேன், மாநிலப் பங்கைப் பிரித்தேன்.
வந்த தொகை பயமுறுத்தவில்லை.
ஒரு மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குக் காணாது.
ஆனாலும் கழித்தல் குறி கழித்தல் குறிதான்.

கூட்டல் குறி எங்கேயாவது கிடைக்குமா என்று தேடினேன்.
போன மார்ச்சில் இதே மேசையைக் கடந்து போனது
ஓட்டுநர் ஏகாம்பரத்தின் மருத்துவச் செலவுக் கோப்பு.
இடது தாடை. இரண்டு அறுவை. முப்பத்து மூன்று நாள் கதிர்.
இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.
அதில் உணவுக் குழாய் வாங்கிய ரசீதில்
முத்திரை இல்லையென்று
ஆயிரத்து நூறைக் குறைத்தவள் நான்.
எந்த வயதில் ஆரம்பித்தீர்கள் என்றதற்கு
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்:
19.

அந்த எண்ணை அட்டவணையில் நுழைக்கப் பார்த்தேன்.
கண்காணிப்பாளர் பரிமளா மேடம் கண்ணாடியை இறக்கினார்.
"அது சுகாதாரம்மா, வேற தலைப்பு.
அதுவும் முப்பது வருஷம் கழிச்சு வர்ற செலவு.
நம்மகிட்ட கேட்டது அடுத்த நிதியாண்டு."
உண்மைதான்.
ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் சாகிறது
அரசாங்கத்தின் ஞாபகம்.

ஐந்தே முக்காலுக்கு இறங்கி
பறக்கும் ரயிலுக்குப் போகிற வழியில் உதுமான் பாய் கடை.
கல்லூரிச் சுவரிலிருந்து நூற்று மூன்று கெஜம்.
சட்டத்துக்கு நூறு போதும்,
அவரே சணல் கயிறு பிடித்து அளந்தது.
"வயசை ஏத்தறாங்களாமே மேடம்?
சிகரெட்ல எனக்கு என்ன நிக்குது, ஒண்ணுக்கு ஒரு ரூபா.
ஆனா அதுக்கு வர்ற பையன்தான் டீ குடிப்பான்,
பட்டர் பிஸ்கட் எடுப்பான், வாழைப்பழம் பிய்ப்பான்.
அவன் வரலன்னா பழம் கறுத்துப் போயிடும்."
என் அட்டவணையில் வாழைப்பழத்துக்குக் கட்டம் இல்லை.

பேச்சு முடியுமுன் ஒருவன் வந்தான்.
மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.
இருபது ரூபாய்த் தாளை நீட்டினான்.
கயிற்றில் தொங்கும் லைட்டரை இழுத்து
கடல்காற்றுக்கு முதுகைக் காட்டிப் பற்றவைத்தான்.
மூன்று தரம் அணைந்தது. நான்காவதில் பிடித்துக்கொண்டது.

மீதி இரண்டு ரூபாய். சில்லறை இல்லை.
பாய் டப்பாவைத் திறந்து
இரண்டு இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.
இப்போதைக்கு வேண்டாம் போல,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.