உரிமம் புதுப்பித்தல்

நீளம் நூற்றிருபது அடி, அகலம் பதினைந்து.
ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் வாய்க்கால்.
பேரளத்துக்கும் பூந்தோட்டத்துக்கும் நடுவே
கேட்டைத் திறந்து மூடுகிறவளுக்கு
ரயில்வே வருஷ வாடகைக்கு விட்ட மண்.
மண் என்றால் பாதி ஜல்லி.
முதல் வருஷம் மண்வெட்டியில் பொறி பறந்தது.
பொறுக்கிய கல்லிலேயே வரப்பு கட்டினேன்.

படிவத்தில் கேட்டிருக்கிறார்கள்:
பயிர் விவரம்.
விட்டிருப்பது ஒரே ஒரு வரி,
அதுவும் முத்திரை விழுகிற இடத்தில்.

ரயில்வேக்கு வருஷம் ஏப்ரலில் பிறக்கிறது.
என் துண்டுக்கு அது நாக்கு வறளும் மாதம்.
இதற்கு வருஷம் பிறப்பது
மேட்டூரில் ஷட்டர் தூக்கிப்
பதினோராம் நாளோ பதினான்காம் நாளோ.
வாய்க்காலில் முதலில் நுரை வரும்,
ஒற்றைச் செருப்பு வரும்,
எந்த ஊர்ச் சாவுக்கோ கட்டிய மாலை வரும்,
பிறகுதான் தண்ணீர்.
அன்று ராத்திரி டூட்டி முடித்து வந்து
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பீர்க்கும் புடலும் பரங்கியும் ஊன்றினேன்.

அடுத்த துண்டு கீமேன் சகாயராஜ் அண்ணனுடையது.
மிளகாய் நாற்றை ஸ்லீப்பர் கட்டை மாதிரி
அளந்து அளந்து வைப்பார்.
என் பரங்கிக்கு அளவு தெரியாது.
புரட்டாசியில் அவர் கயிற்றைத் தாண்டிப் போய்
மிளகாய் மேல் ஏறி உட்கார்ந்து
அங்கேயே காய்த்தது.
கொடி என்னுது. காய் யாருது?
பத்து நாள் பேச்சில்லை.
நான் பச்சைக்கொடி பிடித்து நிற்கையில்
ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை.
வாய்க்கால் எது, துண்டு எது,
கயிறு போச்சு, பந்தல் போச்சு, மிளகாய் போச்சு.
பரங்கி மட்டும் காம்பு விடாமல் மிதந்தது,
முளையில் கட்டிய ஆடு மாதிரி.
இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
அவர்தான் தூக்கி வந்தார்.
"உன் காய். பிடி."
அரிவாள்மணையில் வைத்து இரண்டாக்கினேன்.
ஒரு பக்கம் அழுகல்.
எந்தப் பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன் என்று
நான் எழுதப் போவதில்லை.

மார்கழியில் அவரைப் பிஞ்சில் அசுவினி அப்பியது.
சாம்பல் தூவ வேண்டும், பனி காய்வதற்குள்,
ஆனால் கூட்ஸ் போன பிறகு.
முன்னால் தூவினால்
சாம்பல் திருவாரூர் போய்விடும்.

தையில் வஞ்சனை இல்லாமல் காய்த்தது.
மூடிய கேட்டில் பைக்கை நிறுத்திக்கொண்டு
"அக்கா, கத்திரி கிலோ என்ன?" என்கிறார்கள்.
விற்கக் கூடாது, விதி நாலு.
விற்கவில்லை.
ஏழு நிமிஷம் நின்றவருக்கு ஒரு கை அவரை,
பன்னிரண்டு நிமிஷம் என்றால் இரண்டு கத்திரி.
திட்டு குறைந்திருக்கிறது.

இப்போது பங்குனி.
வாய்க்காலின் அடிக்களி
ஆமை முதுகாய் வெடித்துக் கிடக்கிறது.
அடிபம்பிலிருந்து இருபத்திரண்டு குடம்,
நடுவில் இரண்டு ரயில்.
வெள்ளரிக்கு மட்டும்தான் ஊற்றுகிறேன் என்று
எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

படிவத்தில் கடைசிக் கேள்வி:
நிரந்தர மரம் ஏதும் நடப்பட்டுள்ளதா?

நான் நடவில்லை.
மூன்று வருஷத்துக்கு முன்
ஜன்னலோரம் யாரோ கொய்யா தின்றிருக்கிறார்.
கடிபடாத விதையைத் துப்பியிருக்கிறார்.
களை என்றுதான் பிடுங்கக் குனிந்தேன்.
இலையைக் கசக்கி மோந்ததோடு சரி.
போன வருஷம் முழங்கால், இந்த வருஷம் தோள்.
இன்ஸ்பெக்டர் வருகிற அன்று
அதன் மேல் ஈரப் புடவை காய்கிறது.

பயிர்: காய்கறி.
மரம்: இல்லை.

கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டுப் போய்
நேற்றுப் பார்த்த மூன்று பிஞ்சையும்
இன்னொரு தரம் எண்ணினேன்.

நாலு.