சரிவு

சிம்மக்கல் தாண்டினால்
இன்றைக்கும் கண்டக்டர் கத்துகிறார்:
"பூங்குயில் எறங்கு, பூங்குயில் எறங்கு."
இறங்கினால் ஏழு மாடி ஜவுளிக்கடை.

மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்திருக்கிறோம்.
வெள்ளை மெத்தையில் உட்கார்ந்தபோது
சன்னலில் தெரிந்தது
எதிர்வீட்டு மாடியின் காரை மயில்,
இப்போது கழுத்தில்லை.
பக்கவாட்டுக் கதவு திறந்தால் அதுதான் தெரியும்.
அப்படியென்றால் நான் இருப்பது பெஞ்சு டிக்கெட்டில்.

இடைவேளை முடிந்த பிறகும் இருட்டில்
கோலி சோடா விற்பேன், பன்னிரண்டு வயசு.
காலி பாட்டிலுக்காக மேலே ஏற வேண்டியதில்லை,
குடித்தவர்கள் காலடியில் சாய்த்துவிடுவார்கள்.
கதாநாயகி அழும்போது ஒன்று
கடகடவென்று கிளம்பும்,
நாற்காலிக் கால்களில் முட்டி
யாருடைய செருப்பிலோ தங்கி
ஏச்சு வாங்கி
கடைசியில் திரைக்கடியில் வந்து நிற்கும்.
பொறுக்கி எண்ணுவேன்.
ஒன்று குறைந்தால் ஒச்சாத்தேவர்
நாலணா பிடிப்பார்.

சித்திரையில் கூட்டமெல்லாம் தமுக்கத்துக்கு ஓடிவிடும்.
மரணக்கிணற்றுப் பைக் சத்தம்
ஆற்றைத் தாண்டிக் கேட்கும்.
ஒருநாள் நானும் ஓடினேன்,
முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம்,
மறுநாள் கன்னத்தில் ஒன்று.

"இந்த மாம்பழ மஞ்சள் எப்படிப்பா?"
மகள் கேட்கிறாள்.
அவள் அம்மா கை தவறி
தண்ணீர் பாட்டில் தரையில் விழுகிறது.

விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

நான் அதற்குள் எழுந்து
கல்லாப் பக்கம்,
திரை இருந்த பக்கம்,
நாலு எட்டு வைத்துவிட்டேன்.