புள்ளிக்கோடு

குப்பம் ஸ்டேஷன் ரோடு, முனிரத்தினம் ஜெராக்ஸ்.
கரண்ட் போய் வந்தபின்
நூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திரும்ப அடிக்கிறேன்.

சூடான் மலைகளில் சில மொழிகள்.
குடும்பத்தின் பெயர் காடு.
நம்ம காடு இல்லக்கா,
அடிக்குறிப்பு போட்டுடுங்க என்கிறாள் சுகுணவல்லி.
சத்தம் ஒத்துப்போனால் சொந்தமாகிவிடாதாம்.

முதலில் ஒரு பெரிய குடும்பத்தில் வைத்தார்கள்.
இருபது வருஷம் போல இருந்தது.
பிறகு யாரோ சொற்களைத் தட்டிப் பார்த்து
இது இங்கே பிறந்ததில்லை என்று
வேறொரு வீட்டுப் படியில் விட்டார்கள்.
அங்கும் உறுதியில்லை.
ஒட்டாத மொழி என்போரும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில் அங்கே ஒருத்தி
ஆட்டை அதட்டியிருப்பாள்,
கைமாற்று கேட்டவனிடம்
இல்லை என்றிருப்பாள்,
எந்தக் குடும்பத்தையும் கேட்காமல்.

என் ரேஷன் கார்டு தெலுங்கு.
திட்டுவது தமிழ்.
சில்லறை எண்ணும்போது
ஏழுக்கு மேல் கன்னடம் வந்துவிடும், ஏனென்று தெரியாது.
கணக்கெடுக்க வந்தவர் தாய்மொழி கேட்டபோது
குக்கர் கத்தியது.
எதையோ எழுதிக்கொண்டு போனார்.

இப்போது மரப்படம்.
காட்டுக்கு மட்டும் புள்ளிக்கோடு.
இழுத்தால் பாழாய்ப்போன கோடு
தானாகவே பக்கத்துப் பெட்டியில் போய் ஒட்டுகிறது.
பிரித்தேன். ஒட்டியது. பிரித்தேன்.
நாலாம் தரம் கோட்டையே அழித்துவிட்டேன்.

சுகுணவல்லி திரையைப் பார்த்தாள்.
வண்டிக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.
இருக்கட்டும்க்கா, எவ்வளவு?

பக்கத்துக்குப் பன்னிரண்டு.
படத்துக்குத் தனி.