இரண்டு டிராம்களுக்கு நடுவில்

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு டிராம்.
அது போன பின் தராசின் கடைசி இலக்கம்
தத்தளித்து அடங்க மூன்று நிமிடம்.
மிச்சம் ஒன்பதில்தான்
ரீகாவில் எதையும் எடை போட முடியும்
என்பாள் விஸ்மா.

கறுப்பு வில்லை,
கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் தடிமன்.
இட்ரியம், பேரியம், செம்பு.
ஐவார்ஸ் அரைத்து, அழுத்தி, மூன்று முறை சுட்டது.
இடுக்கியிலிருந்து நழுவி
ஓரத்தில் ஒரு சில்லு போயிற்று.
விட்டத்தையும் தடிமனையும் அளந்து பெருக்கினால்
ஐந்து புள்ளி இரண்டு.
போன சில்லையும் வில்லையென்றே
கணக்கில் வைத்திருக்கிறது அளவுகோல்.

தண்ணீரில் முக்க முடியாது.
ஈரம் பட்டால் பேரியம்
வெள்ளையாய்ப் பூத்துவிடும்.
எனவே டொலுயீன்.
எனவே பிப்ரவரியிலும் ஒரு சாண் திறந்த ஜன்னல்.
தௌகவாவின் பனிக்கட்டி மேல் நடந்து வந்த காற்று
அவள் காலருக்குள் இறங்குகிறது.

உலர்ந்த எடை: நான்கு புள்ளி இரண்டு ஒன்று இரண்டு.
எழுதினாள்.
டிராம்.

வெற்றிடக் குடுவையில்
வில்லை குமிழ் விடத் தொடங்கியது.
முதலில் நுரை, பிறகு வரிசையாக,
பிறகு எண்ணக்கூடிய அளவுக்கு,
அப்புறம்
முடிந்ததென்று அவள் நினைத்தபோது
ஒன்று.
காத்திருந்தாள்.
இன்னும் ஒன்று.

தூண்டில் நரம்பில் கட்டித்
திரவத்துக்குள் தொங்கவிட்டாள்.
மூன்று புள்ளி ஆறு மூன்று ஒன்று.
வெளியே எடுத்துப் பஞ்சு படாமல் துடைத்து,
ஆவியாகும் முன் அவசரமாக
இன்னொரு எடை.

ஆற்றைக் கடந்து வந்தவன்
தொப்பிப் பனியைத் தட்டாமலே கேட்டான்:
'ஆறைக் கடந்ததா?'

'ஐந்து புள்ளி மூன்று மூன்று.'

இடைவெளியே இல்லாத படிகமென்றால்
ஆறு புள்ளி மூன்று எட்டு.
அப்படியானால் அவன் செய்ததில்
ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு
அவன் செய்யாதது.
அவன் நாற்காலியில் உட்கார்ந்து
கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான்.
ஏட்டில் நிறைக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
குறைக்கு இல்லை.
கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

போன மாத வில்லை ஆறு புள்ளி ஒன்று வந்தது.
கேக் வாங்கி வந்தான்.
நைட்ரஜன் ஊற்றி மேலே காந்தத்தை வைத்தார்கள்,
காந்தம் அதன் மேல்
சாவிக்கொத்து மாதிரி கிடந்தது.
அவ்வளவு இறுக்கத்துக்குள்
ஆக்ஸிஜன் புக வழியில்லை என்று
அவள் அன்றே சொன்னாள்.
கேக்கைத் தின்றுகொண்டே சொன்னதால்
அவன் காதில் விழவில்லையோ என்னவோ.

இன்றைய வில்லையை அடுப்பில் உலர்த்தி
மணம் போனதா என்று முகர்ந்து பார்த்துக்
கிண்ணத்தில் வைத்தாள்.
நைட்ரஜன் சீறி, புகைந்து, அமைதியானது.
சிறு காந்தத்தை இடுக்கியால் இறக்கி
விட்டாள்.

இறங்கவில்லை.
கீழே ஒரு தாள் நுழையும்.
ஐவார்ஸ் உண்மையாகவே ஒரு தாளை நுழைத்தான்,
போன வார டிராம் சீட்டு.

அவள் ஏட்டைத் திறந்து
5.33 என்பதை அடிக்கோடிடாமல்,
வெப்பநிலை இருபது என்று சேர்த்தாள்.
குறிப்பு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று யோசிக்கையில்
அடுத்த டிராம் வந்தது.
தராசின் இலக்கங்கள் ஓடின.
கண்ணாடிக் குடுவைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
காந்தம் லேசாக ஆடி,
எதன் மேலும் படாமல்,
நின்றது.