முன்சுவர் பற்றிய அறிக்கை

சாலையிலிருந்து பார்த்தால் செங்கல்.
மேலே ஐந்து ஜன்னல், கீழே நான்கு,
நடுவில் வகிடு எடுத்ததுபோல் கதவு.
கதவுக்கு நேர் மேலே இருப்பது ஜன்னலே இல்லை.
சுவரில் கறுப்புப் பூசி
வெள்ளைக் கோட்டால் சட்டம் வரைந்திருக்கிறார்கள்.

"ஜன்னலுக்கு வரி போட்ட காலம்,
மிச்சம் பிடித்திருக்கிறார்கள்" என்றார்
வீட்டுக்காரர் கிளமெண்ட் ஹாப்டே.
ஊரே அப்படித்தான் சொல்கிறதாம்.
நான் நாடாவை நீட்டி உள்ளே அளந்து
வெளியே வந்து அளந்தேன்.
பின்னால் நிற்பது புகைபோக்கி.
அந்த இடத்தில் ஜன்னல் வைத்தால்
கரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பரணுக்கு ஏணி போட்டேன்.
டார்ச் பட்ட இடமெல்லாம் கறுப்பு,
கைமரங்கள் தாரில் முக்கி எடுத்தாற்போல.
"தீப்பிடித்ததா?" கீழிருந்து குரல்.
சமைத்திருக்கிறார்கள், என்றேன்.

அப்போது இது ஒரே கூடம்.
தரை நடுவில் அடுப்பு, மேலே கூரை,
இரண்டுக்கும் இடையில் ஒன்றுமில்லை.
புகை தனக்குப் பிடித்த ஓட்டையில் போனது.
நூற்றைம்பது குளிர்காலம்
உட்கார்ந்தேதான் பேசியிருப்பார்கள்,
எழுந்தால் கண் எரிந்திருக்கும்.

ஓக் மரத்தில் விரல் கனத்துக்குத் துளையிட்டு
ஒரு குச்சி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
1447, குளிரில் வெட்டியது என்று பதில் வந்தது.
கூடவே ஒரு வரி:
அடுத்தடுத்த ஒன்பது வளையங்கள் முடியிழைபோல் மெலிந்திருக்கின்றன.
காரணம் எழுதவில்லை.

தச்சன் உளியால் கீறிய எண்கள் இன்னும் இருக்கின்றன.
ஆறு, ஏழு, அப்புறம் ஒன்பது, அப்புறம் எட்டு.
தரையில் பொருத்திச் சரிபார்த்துப்
பிரித்து மேலே ஏற்றும்போது
யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டான்.
சம்மட்டி சமாதானம் பேசியிருக்கிறது, தழும்பு தெரிகிறது.
வீடு மேற்கே சாய்ந்ததற்கு
நான் மண்ணைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

கைல்ஸ் ஆம்ஃப்லெட்
புகைபோக்கி எழுப்பி, கூடத்தைக் குறுக்கே வெட்டி
மாடி போட்டான்.
அவன் செத்தபின் எழுதிய சொத்துப் பட்டியலில்
'புதிய மேலறை: கட்டில் ஒன்று,
பாலாடைக்கட்டி நாற்பது.'
விதவை தாமசின் அந்தக் கட்டிலில் படுத்தாளா
என்று பட்டியலில் இல்லை.

செங்கல் வந்தது ஜோசையா ராக்கின் பணத்தில்.
மால்ட் வியாபாரம், 1784.
முன்னால் மட்டும்.
கோட்டுக்கு வெளியே தெரிகிற அளவுக்கு
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
பக்கச் சந்தில் போய் நின்றால்
மரமும் களிமண் பூச்சும்
அப்படியே கசங்கிக் கிடக்கின்றன.

பிறகு மால்ட் நொடித்து
வீடு மூன்று குடித்தனமானது.
மூன்று மாடிப்படி, பத்தொன்பது பேர்.
நடுவில் அடித்த பலகைத் தடுப்பில்
இடுப்புயரத்தில் ஒரு துளை, மெழுகுவர்த்தி நுழையும்.
ஒரு பக்கம் கீசியா ப்ளோஸ்,
மறுபக்கம் ஸ்டானார்ட் குடும்பம்.
துளையின் விளிம்பு எண்ணெய் தடவினாற்போல் வழவழப்பு.
அறிக்கையில் 'துளை, 4 செ.மீ.' என்று போட்டேன்.

கடைசியில் ஹாப்டே கேட்டார்,
இதற்குத்தான் என்னை வரவழைத்திருக்கிறார்:
"இந்தச் செங்கலை உரித்துவிட்டால்
அசல் வீடு வெளியே வருமா, மிஸ் டாஸ்கர்?"

உட்காரச் சொன்னேன்.
முன்வரிசைத் தூண்களுக்குக் கால் இல்லை.
சுவர் ஒட்டி உட்கார வேண்டும் என்று
ராக் முழங்காலோடு அறுத்துவிட்டான்.
மாடியின் உத்தரம், கூரையின் பாதி,
கைல்ஸின் ஓக், ஒன்பதும் எட்டும்
எல்லாம் இருநூறு வருடமாக
அந்த மேல்பூச்சு மேல்தான் சாய்ந்து நிற்கின்றன.
உரித்தால் அசல் வரும்,
உங்கள் தலைமேல் வரும்.

அவர் வெகுநேரம் பேசவில்லை.
விடைபெற எழுந்தவர்
கைல்ஸின் உத்தரத்தில் நெற்றியை மோதிக்கொண்டார்.
நான்காவது முறை, நான் வந்த பிறகு.

வசந்தத்தில் ஒரு புகைப்படம் அனுப்பினார்.
பொய் ஜன்னலுக்குப் புதுக் கறுப்பு, புதுக் கோடுகள்.
கீழ்க்கதவு மட்டும் ஒரு சாண்
மேலே தூக்கியிருப்பதாக வரைந்திருக்கிறார்.
பின்புறம் பென்சிலில்:
'புகைபோக்கிக்குக் காற்று வேண்டாமா?'

அனுமதி வாங்கினாரா என்று
நான் கேட்கவில்லை.